குதிரைக்குப் பல் பார்க்கும் மணியம்மாள்

வியாழக்கிழமை விடிந்ததும் மணியம்மாள் செய்கிற முதல் வேலை நகம் வெட்டுவது. வலது கையின் ஐந்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டி, துவைக்கிற கல்லில் தேய்த்து, தன் கன்னத்தில் தடவிப் பார்ப்பாள். எங்கேயாவது கீறினால் மறுபடி தேய்ப்பாள். அப்புறம் கண்ணாடி வளையல்களைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புவாள். அன்றைக்கு அந்தக் கை ஐந்தாறு குதிரைகளின் வாய்க்குள் முழங்கை வரைக்கும் போய்வர வேண்டும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கோட்டைக்குப்பத்தைத் தாண்டி, பழவேற்காடு ஏரியை ஒட்டி இருபத்தைந்து வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் இருக்கிறாள். நிவேதா என்ற கால்நடை மருத்துவரிடம் உதவிக்குப் போகிறாள். நிவேதா பார்ப்பது குதிரைப் பல் மட்டும். சவாரி கற்றுக்கொடுக்கிற இடங்களில் உள்ள குதிரைகள், ஓட்டப் பந்தயத்திலிருந்து ஒதுக்கப்பட்டவை, கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறவை என்று சென்னையைச் சுற்றி வாரத்தில் இரண்டு நாள் இருவரும் அலைகிறார்கள்.

"குதிரைக்குக் கூடவா பல்லு டாக்டரு?" என்று பஸ்ஸில் யாராவது கேட்டால் மணியம்மாள் கோபப்படுவதில்லை. "நமக்கு முப்பத்திரெண்டு பல்லு. ஆண் குதிரைக்கு நாப்பது. நீயே சொல்லு, யாருக்கு டாக்டரு வேணும்?" என்பாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு குதிரையைத் தொட்டதுகூட இல்லை.

பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை ஏரியில் கையால் இறால் பிடிப்பது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். கலங்கின தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. விரல் நுனியில் பட்டது கிளிஞ்சலா, நண்டா, வேரா, இறாலா என்று பட்ட அந்த நொடியிலேயே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இறால் பின்னுக்குத் துள்ளிப் போய்விடும், நண்டாக இருந்தால் விரல் போய்விடும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வாள். பறி நிறைய நிறையக் கனம் கூடும். அப்படி இருபத்தைந்து வருடம் கடித்ததில் முன்பல் ஒன்று உடைந்தது. இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்துபோய், எட்டு வருடமாக வலப்பக்கம் மட்டுமே மென்றுகொண்டிருந்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட மறுநாள், சேற்றுக்குள் படுத்திருந்த திருக்கை மீன் ஒன்றை மிதித்துவிட்டாள். அதன் வால்முள் குதிகாலில் ஏறியது. புருஷன் துளசிங்கம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தான். பொன்னேரி ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்துவிட்டார்கள். ஆனால் புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. இனிமேல் உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது. மகள் தேவதர்ஷினி அப்போது பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

வழி காட்டியது சூசையம்மாள். பழவேற்காட்டில் இருப்பவள், இருபது வருடமாக மணியம்மாளிடம் இறால் வாங்குகிறவள். இறால் வராமல் போகவே தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எம் புள்ள அஞ்சு குதிரைய வச்சிகினு ஆளில்லாம அல்லாடறான். உன்னத் தண்ணியிலதானே நிக்கக் கூடாதுன்னாங்க? தரையில நில்லேன்."

"குதிரையா? எனக்கு மாட்டக் கண்டாலே பயம்மா."

"மாட்டுக்குக் கொம்பு கீது. இதுக்கு அதுகூட இல்ல. வா."

சூசையம்மாளின் மகன் ஜெரோம். சென்னையில் ஒரு லாயத்தில் பத்து வருடம் குதிரைக்காரனாக இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பிவந்து சொந்தமாகக் குதிரைகள் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கு வருகிறவர்களுக்குச் சவாரி, முகூர்த்த நாட்களில் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம். மணியம்மாளுக்கு லத்தி அள்ளுகிற வேலை, புல் அறுத்துப் போடுகிற வேலை, கொள்ளு ஊற வைக்கிற வேலை. முதல் இரண்டு வாரம் சுவரோடு ஒட்டிக்கொண்டே கூட்டினாள். மூன்றாவது வாரம் பவளம் என்ற பெண் குதிரை பின்னால் வந்து அவள் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. அவள் அசையாமல் நின்றாள். அதுவும் அசையாமல் நின்றது. அத்தோடு பயம் போயிற்று.

பவளத்துக்குப் பதின்மூன்று வயது. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஐந்தில் சாதுவானது அதுதான் என்று ஜெரோம் சொல்லியிருந்தான். ஆனால் சித்திரையிலிருந்து அது மெலிந்துகொண்டு வந்தது. விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், திருஷ்டி சுற்றிப் போட்டார்கள், கொள்ளைக் கூட்டினார்கள். ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை.

அதன் இடத்தைக் கூட்டும்போது மணியம்மாள் ஒன்றைக் கவனித்தாள். மற்றக் குதிரைகளின் தரையில் சிந்திய புல் கிடக்கும். பவளத்தின் தரையில் மட்டும் உருண்டை உருண்டையாக, யாரோ வெற்றிலை மென்று துப்பியது மாதிரி, பாதி மென்ற புல் கிடந்தது. வைக்கோலை முதலில் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்துத்தான் அது வாயில் போட்டுக்கொண்டது. மெல்லும்போது தலையை வலப்பக்கமாகச் சாய்த்தது. மணியம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டில் சோற்றைக் குழம்பில் நன்றாகக் கரைத்து, வலப்பக்கமாக ஒதுக்கி மென்றபோது, அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வாரமே மீஞ்சூரில் ஒரு கல்யாணம். பேண்டு செட்டும் வெடியும் பவளத்துக்குப் புதிதல்ல. மண்டப வாசலில் நிறுத்துவதற்காக ஜெரோம் கடிவாளத்தைச் சற்று அழுத்தி இழுத்தான். பவளம் தலையை உதறிக்கொண்டு முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. மாப்பிள்ளை பின்பக்கமாகச் சரிந்து விழுந்தார். நல்லவேளையாக மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஜெரோம் கூனிக்குறுகிப் போனான்.

மறுநாள் மத்தியானம் லாயத்தில் வைத்தே அவன் குதிரை வாங்கி விற்கிற ஒருவருக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பவளத்தைக் கொண்டுபோகச் சொன்னான். மணியம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் கையில் போன குதிரை அப்புறம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது என்பதும் அவள் காதில் விழுந்திருந்தது.

உள்ளே போய் ஒரு ஓலைக் கூடையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னாக்கா இது?"

"நாலு நாளா பவளம் துப்புனது. கொட்டாம எடுத்து வச்சேன். பிரிச்சுப் பாரு தம்பி."

அவன் ஓர் உருண்டையைப் பிய்த்தான். உள்ளே புல் புல்லாகவே இருந்தது.

"அதுக்குத் திமிரு இல்ல. பல்லு நோவு."

"இன்னாக்கா பேசற? பத்து வருஷம் குதிரையோட படுத்து எந்திரிச்சவன் நான். குதிரைக்குப் பல்லு நோவா?"

"எனக்கு நோவுதுன்னா வாயத் தொறந்து சொல்வேன். அது இன்னா பண்ணும்? துப்பிக் காட்டுது. நானும் எட்டு வருஷமா ஒரு பக்கமாத்தான் துன்றேன். அது தலைய சாய்க்கிறத பார்த்தா என்னையே பாக்கற மாதிரி கீது. நேத்து நீ கடிவாளத்த இழுத்தது எங்க பட்டுச்சோ, யாரு கண்டா? ஒரு டாக்டர வரவச்சுப் பாரேன். அப்பறம் விக்கிறதுன்னா வித்துக்கோ."

ஜெரோம் இன்னொரு உருண்டையைப் பிய்த்தான், அப்புறம் இன்னொன்றை. பிறகு எழுந்துபோய் எப்போதும் வருகிற கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தான். அவர் நேர்மையாகச் சொன்னார்: வலிக்கு மருந்து கொடுக்கலாம், ஆனால் குதிரையின் கடைவாயைப் பார்க்கிற கருவிகள் தன்னிடம் இல்லை, அதற்கென்றே படித்துவிட்டு வந்த ஒரு பெண் சென்னையில் இருக்கிறாள். நிவேதாவின் நம்பரைக் கொடுத்ததும் அவர்தான்.

சனிக்கிழமை காலையிலேயே நிவேதா வந்துவிட்டாள். ஒல்லியாக, குட்டையாக, முப்பது வயதுகூடத் தோன்றாது. ஜெரோம் அவளைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"டாக்டர் வேற யாரும் வரல. நான்தான்," என்றாள் நிவேதா. "முதல்ல அது சாப்பிடறதப் பார்க்கணும்."

கால் மணி நேரம் அது மெல்லுவதைப் பார்த்தாள். கூடையில் இருந்த உருண்டைகளைப் பார்த்துவிட்டு, "இதை யார் எடுத்து வச்சது?" என்று கேட்டாள். மணியம்மாள் கை தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. "ரொம்ப நல்ல வேலை பண்ணியிருக்கீங்க அக்கா," என்றாள் நிவேதா. அத்தனை படித்த ஒருத்தி தன்னை அக்கா என்று கூப்பிட்டதை மணியம்மாள் இன்றைக்கும் சொல்வாள்.

கழுத்தில் ஓர் ஊசி போட்டதும் பவளம் நின்றபடியே கிறங்கித் தலையைத் தொங்கப்போட்டது. தலையை ஒரு கயிற்றில் தாங்கி, கயிற்றை உத்தரத்தில் மாட்டினார்கள். வாயைத் திறந்தபடி பிடித்துக்கொள்கிற இரும்புச் சட்டத்தை மாட்டி, அதன் பூட்டை ஒவ்வொரு படியாக நகர்த்தித் திறந்து பூட்டினாள் நிவேதா. வாயைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது அழுகின நாற்றம் வந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தவள், ஜெரோமைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"குதிரைக்கு வாழ்நாள் முழுக்கப் பல் மேல வந்துகிட்டே இருக்கும். நாள் பூரா புல் மேய்ஞ்சா அது பாட்டுக்குத் தேயும். நாம கொள்ளும் தவிடும் போட்டா அவ்வளவா தேயாது. மேல் தாடை அகலம், கீழ் தாடை குறுகல். அதனால மேல் பல்லோட வெளி ஓரமும் கீழ் பல்லோட உள் ஓரமும் தேயாம கத்தி மாதிரி நிக்கும். கன்னத்துக்குள்ள பாருங்க."

ஜெரோம் பார்த்தான். கன்னத்தின் உட்புறம் முழுக்கக் கீறல், சில பழையது, சில இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கடிவாளத்தின் வார் கன்னத்தை அழுத்துகிற இடத்தில் ஒரு புண் பள்ளமாகவே இருந்தது.

"இத்தினி நாளு இத்த வச்சிகினா எனக்கு ஒழச்சிது?" என்றான். வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

நீளமான கைப்பிடி போட்ட அரங்களை நிவேதா ஒவ்வொன்றாக எடுத்தாள். பல்லின் ஓரங்களை மட்டும் ராவினாள். ஓயாத கரகரவென்ற சத்தம், கையெல்லாம் வெள்ளைப் பொடி. முக்கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கண்ணாடி வச்சு ஒரு தடவை பார்க்கணும். அதுக்கு முன்னாடி நீங்க தொட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சாத்தான் அடுத்த வருஷம் கூப்பிடுவீங்க."

ஜெரோம் கையை விட்டுவிட்டு நாக்கு பட்டதும் வெளியே இழுத்துக்கொண்டான். மணியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். வலது கையைக் கன்னத்தோரமாக உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஏரியிலும் அவள் அப்படித்தான், கண்ணைத் திறந்துவைத்தால் விரலின் கவனம் சிதறிவிடும். மேல் வரிசை முழுக்க வழுவழுவென்று இருந்தது. கீழ் வரிசைக்கு வந்தாள். ஒவ்வொரு பல்லாகப் பின்னால் போய், கடைசிப் பல்லுக்கு முன்னால் நின்றாள். விரல் அங்கேயே நின்றது.

"டாக்டரம்மா, இங்க ஒன்னு குத்துது."

"கடைசிப் பல்லுல ஓரம் கொஞ்சம் விட்டிருப்பேன் அக்கா."

"பல்லு இல்லம்மா. பல்லு கல்லு மாதிரி நிக்கிது. இது அசையுது. ரெண்டு பல்லுக்கு நடுவுல, கீழாண்ட, ஈறுக்குள்ள எறங்கிக் கீது. முள்ளு."

நிவேதா நீளக் காம்பு போட்ட கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். அந்தச் சந்தில் அடைந்திருந்த புல்லை ஊசிக்குழலால் தண்ணீர் பீய்ச்சி எடுத்தாள். பிறகு ஒரு நீளமான இடுக்கியை மெதுவாக நுழைத்து, பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தாள். கறுத்துப்போன ஒரு வேலிக்காத்தான் முள் வந்தது, சுண்டுவிரல் நீளம். அதன் பின்னாலேயே சீழும் வந்தது. கிறக்கத்தில் இருந்த பவளம் நீளமாக ஒரு மூச்சு விட்டது.

முள்ளை ஒரு பஞ்சில் வைத்து நிவேதா மணியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"கண்ணாடியில நானே பார்த்திருப்பேன்னுதான் நினைக்கிறேன். ஆனா புல்லோட புல்லா அது கறுத்துக் கிடந்துச்சு. நிச்சயமா பார்த்திருப்பேன்னு சொல்ல முடியாது. விட்டிருந்தா தாடை எலும்பு வரைக்கும் போயிருக்கும். தேங்க்ஸ் அக்கா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எறா தேடுன கைம்மா இது," என்றாள் மணியம்மாள், வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி.

ஒரு வாரம் ஊறவைத்த தவிட்டுக் கூழ், ஒரு மாதம் கடிவாளம் கூடாது, தினமும் வாய் கழுவ வேண்டும், மருந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிவேதா போனாள். வாய் கழுவும் வேலையை மணியம்மாள் எடுத்துக்கொண்டாள். ஏழெட்டு நாளில் தரையில் உருண்டை விழுவது நின்றது. முதல் தடவையாகப் பவளம் காய்ந்த வைக்கோலைத் தொட்டியில் முக்காமல், நேராக மென்றது. அதைப் பார்க்க ஜெரோம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருந்த அந்தக் குதிரை வாங்குகிற ஆளுக்கு அங்கிருந்தபடியே போன் செய்து, "குதிரை விக்கிறதில்லண்ணே, வராதீங்க," என்று சொன்னான்.

தீபாவளிக்குள் விலா எலும்பு மறைந்தது. மறு வருடம் மாதா கோயில் திருவிழாவில், தேருக்கு முன்னால் பவளம் போக வேண்டும் என்று முடிவாயிற்று. யார் கயிற்றைப் பிடித்து நடப்பது என்ற பேச்சு வந்தபோது சூசையம்மாள் மணியம்மாளைக் கூப்பிட்டாள்.

"நான் எப்பிடிம்மா? உங்க கோயிலு, உங்க திருவிழா..."

"மாதா உங்கிட்ட வந்து ஜாதகம் கேட்டாளா? அது உயிரோட நடக்குதுன்னா உன்னாலதான். நீ புடி. எனக்கு அத்தப் பார்க்கணும்."

புதுப் புடவை எடுத்துக் கொடுத்து, தலையில் பூ வைத்து அனுப்பினாள். கடைத் தெரு முழுக்க மணியம்மாள் அந்தக் குதிரையோடு நடந்தாள். துளசிங்கம் கூட்டத்தில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் "எம் பொண்டாட்டி" என்று காட்டிக்கொண்டிருந்தானாம்.

ஆனால் அதற்கு முன்பே அவள் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. முள் எடுத்த பத்தாம் நாள் புண்ணைப் பார்க்க வந்த நிவேதா, கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, என்கூட வாரத்துல ரெண்டு நாள் வரமுடியுமா? தலையைப் பதறாமப் பிடிக்கவும், நான் ராவின அப்புறம் ஒரு தடவை கை விட்டுப் பார்க்கவும் ஒருத்தர் வேணும். ரெண்டு வருஷமா தேடறேன்."

மணியம்மாள் ஜெரோமைப் பார்த்தாள். அவன் யோசிக்கவே இல்லை. "செவ்வாயும் வியாழனும் நான் லத்தி அள்ளிக்கிறேன். நீ போய்ட்டு வாக்கா," என்றான்.

வீட்டில் துளசிங்கம்தான் முரண்டு பிடித்தான். "கால ஏரியில குடுத்த. கையக் குதிரைக்குக் குடுக்கப் போறியா?"

"ஊசி போடறதும் அரம் புடிக்கறதும் அந்தம்மா வேலைய்யா. நான் தடவிப் பாக்கறதோட சரி."

"நைனா, அம்மா போகட்டும்," என்றாள் தேவதர்ஷினி. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குதிரையின் இரண்டு தாடையையும் வரைந்து, ஒவ்வொரு பல்லுக்கும் டாக்டர்கள் வைத்திருக்கிற எண்ணை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். மேல் வலது நூறு, மேல் இடது இருநூறு, கீழ் இடது முந்நூறு, கீழ் வலது நானூறு. முன்னாலிருந்து பின்னால் ஒன்று முதல் பதினொன்று. மணியம்மாள் அதைச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டிவைத்து, குழம்பு கொதிக்கும்போதெல்லாம் படித்தாள். அந்த முள் இருந்தது முந்நூற்றுப் பத்துக்கும் முந்நூற்றுப் பதினொன்றுக்கும் நடுவில் என்று கண்டுபிடித்த அன்று, மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்துவிடவில்லை. இரண்டாவது மாதம், ஒரு கறுப்புக் குதிரைக்குப் பார்க்கும்போது, இரும்புச் சட்டத்தின் பூட்டுச் சரியாக விழவில்லை. பூட்டு ஒரு படி இறங்கி, குதிரையின் வாய் சற்று மூடிக்கொண்டது. மணியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் மோதிர விரல் நகம் உள்ளேயே போய்விட்டது. இரத்தத்தைப் பார்த்ததும் நிவேதா அழுதுவிட்டாள்.

"என் தப்பு அக்கா. நான் பூட்டைப் பார்க்கல."

"நானும்தான் பார்க்கல. நண்டு கடிச்சு இதுக்கு மேலயே போயிருக்கும்மா. கட்டுப் போடுங்க, அதுக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள முடிக்கணும்."

அன்றிலிருந்து ஒரு பழக்கம். கை உள்ளே போவதற்கு முன் மணியம்மாள் "பூட்டு?" என்று கேட்பாள். நிவேதா இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்து, "பூட்டு" என்பாள். அந்தப் பதில் வராமல் இன்றுவரை அவள் கை ஒரு குதிரையின் வாய்க்குள்ளும் போனதில்லை.

மறு வருடம் ஆடி மாதம், வேலை முடிந்து இருவரும் ஓர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நிவேதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"அக்கா, எத்தனை மாசமா எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறேன். இன்னிக்குத்தான் பார்க்கிறேன். நீங்க இடப்பக்கம் மெல்லவே மாட்டீங்களா?"

"அது பழகிடுச்சும்மா."

"பவளத்துக்கும் பழகித்தான் இருந்துச்சு."

மறு வாரம் தேவதர்ஷினியும் நிவேதாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அவளைச் சென்னையில் பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். குதிரையின் வாய்க்குள் முழங்கை வரை கை விடுகிறவள், அந்த நாற்காலியில் சாய்ந்ததும் மகள் கையை நசுக்கிவிட்டாள். பிளந்த பல்லை எடுத்து, இன்னும் இரண்டை அடைத்து, உடைந்த முன்பல்லுக்குப் பதில் புதுப் பல் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து அவள் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்கைக் கடித்துத் தின்றாள். சிரித்தபோது பழக்கத்தில் கை வாய்க்குப் போனது. பாதி வழியில் அதைக் கீழே இறக்கிவிட்டாள்.

இந்த ஆறு வருடத்தில் அவள் கை பட்ட குதிரைகள் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. பல்லே இல்லாத ஒரு கிழட்டுக் குதிரைக்கு ஊறவைத்த உணவை எப்படிக் கொடுப்பது என்று ஓர் ஓய்வுபெற்ற வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கடற்கரையில் மட்டக் குதிரை வைத்திருக்கிற லோகேஷ், "வாயில கைய வுட்டா ராசி போயிடும்"னு இரண்டு வருடம் துரத்தியடித்தான். அப்புறம் ஒருநாள் தானாகவே குதிரையைப் பிடித்துக்கொண்டு லாய வாசலில் வந்து நின்றான். "பெரியம்மா, இதுவும் உருண்டையா துப்புது," என்றான். துரத்தியதைப் பற்றி மணியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. "உஷாராத்தான் பார்த்துக் கீற. நல்லது," என்று மட்டும் சொன்னாள்.

போன வருடம் நிவேதா கர்ப்பமானாள். குதிரைகளின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் இடத்தில் மோகன்குமார் என்ற டாக்டர் வந்தார். நல்ல மனிதர், நன்றாகப் படித்தவர். முதல் நாள் மணியம்மாளிடம் வாளியைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னார். அவளும் நின்றாள். ராவி முடித்ததும் அவரே கேட்டார்: "மேடம் உங்களக் கை விட்டுப் பார்க்கச் சொல்லணும்னு சொன்னாங்க. பார்க்கறீங்களா?"

"பூட்டு?" என்றாள் மணியம்மாள்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னாள். அவர் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துவிட்டு, "பூட்டு" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நூத்தி ஆறுல முன்னாடி கொக்கி மாதிரி ஓரம் கொஞ்சம் நிக்கிது சார். நானூத்தி ஒம்பது அசையற மாதிரி கீது, ஆனா நோவு இல்ல, தலைய இழுக்கல. மத்ததெல்லாம் நல்லா கீது."

மோகன்குமார் விளக்கைப் போட்டு அந்த இரண்டையும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்," என்றார். அதற்கப்புறம் வாளியை அவரே தூக்கினார்.

பங்குனியில் நிவேதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பொன்னேரியில் ரயில் ஏறி, துளசிங்கம் அன்று காலையில் பிடித்த இறாலை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு, மணியம்மாள் பார்க்கப் போனாள். ஜெரோம் ஒரு சிறிய வெள்ளிக் கொலுசு கொடுத்துவிட்டிருந்தான். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நிவேதாவின் அம்மா காபி கொண்டுவந்தாள். "இவங்கதான் அந்த மணியம்மாளா? வாயத் தொறந்தா உங்க பேச்சுதான்மா இவளுக்கு."

"அம்மா, நான் தனியா ஓடிக்கிட்டிருந்த ரெண்டு வருஷத்துல இந்த வேலைய விட்டுடலாம்னு எத்தனை தடவை அழுதிருக்கேன், உனக்குத் தெரியுமே," என்றாள் நிவேதா. "இவங்க வந்த அப்புறம் ஒரு தடவை கூட இல்ல."

தன் மகள் பட்டம் வாங்கியதை, வீட்டுக்குப் புது ஓடு போட்டதை, முறுக்குத் தின்றதை எல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது மணியம்மாளுக்கு. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவாள் என்றும் தெரிந்தது. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "நீங்க அக்கான்னு கூப்ட்டீங்கம்மா, அன்னிக்கே எனக்கு எல்லாம் கெடச்சிடுச்சு," என்றாள்.

அப்புறம் அந்த மாதம் பார்த்த குதிரைகளைப் பற்றிக் கேட்டாள் நிவேதா. மணியம்மாள் ஒவ்வொரு குதிரையாக, ஒவ்வொரு பல்லின் எண்ணாக, ஒரு தாளையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள். நிவேதா படுக்கையில் சாய்ந்தபடி நோட்டில் குறித்துக்கொண்டாள். நடுவில் குழந்தை அழுதது. பால் குடித்தது. தூங்கியது.

கிளம்பும்போது நிவேதா வாசல் வரை வந்தாள். "இன்னும் மூணு மாசம் அக்கா. அப்புறம் ஓடி வந்துடுவேன்."

"மெதுவா வாங்கம்மா. குதிரைப் பல்லு எங்க போயிடப் போவுது? வளர்ந்துகினுதான் கீது," என்றாள் மணியம்மாள். செருப்பை மாட்டிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் வேகமாக நடந்தாள்.